நான்கு பத்தி அகலப் படம்

அரபு ஸ்திரீட் துணிக்கடைகளுக்குப் பின்னால் நீளமான ஒரு மதில் இருந்தது. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பலருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆறு வருடம் பத்திரிகையில் இருந்த எனக்கே தெரியவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் என்னை அங்கே அழைத்துப் போனவர், எங்கள் அச்சகத்துக்குக் காகிதக்கட்டு கொண்டுவரும் லாரி டிரைவர். நாகூர்க்காரர். பழைய சுல்தான் வம்சத்தின் தூரத்து உறவில் பெண் எடுத்து, மதிலுக்குள் இருந்த அவர்களுடைய பழைய அரண்மனை வளாகத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார்.

"ராஜா வீட்டு மாப்பிள்ள வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்று அச்சுக் கோப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"ராஜா வீட்டுக்கு ரெண்டு டஜன் ஓடு குடுங்க லா, அப்புறம் எந்திரிக்கலாம்" என்பார் அவர்.

கூரைதான் அவர் கவலை. உத்தரம் இற்றுவிட்டது, இந்த மழைக்குத் தாங்காது. வெளியே வாடகைக்குப் போக வழியில்லை.

"ரூம் போச்சுன்னா எம் பொண்டாட்டி பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஜொகூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருவா. நான் லாரியிலதான் படுக்கணும். ஒரு படம் போட்டுவிடுங்கண்ணே. பேப்பர்ல வந்தாத்தான் வீட்டப் பாத்துக்கிறவங்க அசைவாங்க."

ஒரு நாள் மாலை எங்கள் பத்திரிகைப் படக்காரரோடு போனேன். வாசலைத் தாண்டியதும் தெருச் சத்தம் நின்றது. அகன்ற முற்றம், நடுவில் மஞ்சள் பூசிய மாடி வீடு. சுவர் வெடிப்புகளில் செடி முளைத்திருந்தது. சுற்றிலும் பலகையும் தகரமுமாகக் குடிசைகள். தூணுக்குத் தூண் கயிறு கட்டி சாரோங் உலர்த்தியிருந்தார்கள்.

அவர் அறை மாடியில். உள்ளே போனவர் திகைத்து நின்றார். ஒழுகலுக்கு வைத்திருந்த நான்கு பேசின்களையும் காணவில்லை. கறை பிடித்த சுவரில் புதுச் சுண்ணாம்பு. இற்ற உத்தரத்துக்குக் கீழே யாரிடமோ இரவல் வாங்கிய பூவேலைத் திரை. கட்டிலில் சாட்டின் விரிப்பு, அதன்மேல் புதுச் சட்டையில் ஒரு வயதுப் பிள்ளை.

"எதுக்கு எல்லாத்தையும் எடுத்து வச்சே?" என்று மலாயில் கேட்டார்.

"மாலு லா, பாங்" என்றாள் மனைவி, தட்டில் பலகாரத்தோடு.

"வெக்கமா இருக்காம்ணே. விருந்தாளிங்க வரும்போது இந்த வீட்டுல ஒழுகக் கூடாதாம்."

திரையை விலக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கொடுத்த குவே இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லவில்லை. வெளிச்சம் போகிறது என்று படக்காரர் கீழே இறங்கினார்.

"துணிக்கொடியை அவுத்துடுங்க பாய், அரண்மனை மாதிரி தெரிய வேணாமா?"

நானும் மூன்று சாரோங்குகளை எடுத்து மடித்தேன்.

படம் நான்கு பத்தி அகலத்தில் வந்தது. தூண்கள், மாடம், ஆளில்லாத முற்றம். என் கட்டுரை வம்ச வரலாற்றில் தொடங்கியது. கூரையைப் பற்றிக் கடைசி இரண்டு பாராக்கள். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்ததால் அவற்றை வெட்டிவிட்டார்கள். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள். அது எனக்குத் தெரியாததல்ல.

வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவரிடம் டிரைவர் மறுபடி போனார். அந்த மனிதர் படத்தையே எடுத்துக் காட்டினாராம்: வீடு நன்றாகத்தானே இருக்கிறது? இன்னொரு முறை எழுதுகிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டேன்.

"அந்த வீட்டத்தான் போட்டாச்சேப்பா" என்றார்.

டிசம்பர் மழையில் உத்தரம் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. அறைக்குப் பலகை அடித்துப் பூட்டினார்கள். அந்த வாரமே மனைவியும் பிள்ளையும் ஜொகூர் போனார்கள்.

டிரைவர் மாதம் ஒரு முறை ஜொகூர்ப் பாலம் தாண்டிப் போய் வந்தார். லாரியில் அவருடைய பாயும் தலையணையும் இருக்கும். இரண்டாம் வருடம் போவதே குறைந்தது. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"போனா புள்ள அழுவுதுண்ணே" என்றார், காகிதக்கட்டை இறக்கியபடி. "யாரோ வந்திருக்கான்னு நெனைக்குது."