நமது ஆம்பூர் நிருபர்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, குடியாத்தத்திலிருந்து வந்த நெசவாளி ஒருவர் என் கையைப் பிடித்து, "ஞானமுத்து ஐயா போய்ட்டாரு, வாத்தியாரே" என்றார்.

பத்திரிகை வாசிக்கும் சென்னைவாசிகளுக்கு ஞானமுத்து அவர்களின் பெயர் தெரிந்திராது. 'நமது ஆம்பூர் நிருபர்' என்று மட்டுமே அச்சாகும். பகலில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை விற்கும் மண்டியில் கடிதக் குமாஸ்தா; ஓய்ந்த வேளையில் நிருபர்.

பல வருஷங்களுக்கு முன், தேசமே அறிந்த தலைவர் ஒருவர் எங்கள் ஆம்பூருக்கு வந்தார். அவருடைய இங்கிலீஷ் பிரசங்கத்தைத் தமிழில் சொல்ல என்னை மேடையேற்றினார்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களின் கால்கள் வெந்திருப்பதைத் தாம் அன்று காலையில் பார்த்ததாகவும், கழுவ நல்ல தண்ணீரும் காலுக்குப் பூட்ஸும் முதலாளிகள் கொடுக்க வேண்டும் என்றும் தலைவர் சொன்னார். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவரே பெரிய ஷாப் முதலாளி. என் பள்ளிக்கூடத்தின் போஷகரும் அவர்தான். "தொழிலாளர் சுத்தமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். கீழே சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்த ஞானமுத்து அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் தலைவர் சொன்னது அப்படியே வந்தது. முதலாளி கொதித்தார். ஊரே கேட்ட தமிழில் அப்படி ஒரு பேச்சே இல்லை, நிருபர் புளுகுகிறார், மறுப்பு எழுதாவிட்டால் மண்டி வேலை போய்விடும் என்று ஞானமுத்து அவர்களிடம் ஆள் அனுப்பினார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்.

அன்று மாலை ஞானமுத்து அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"மேடையில இன்னா ஆச்சு, வாத்தியாரே?"

"பயந்துட்டேன்."

"எனக்கும் பயம்தான். ஆனா அவர் சொன்னத நான் மாத்த முடியாது. உங்களையும் மாட்டிவிட மாட்டேன். நீங்களே வாயத் திறந்தா அந்த ஜனங்களுக்கு உதவும். திறக்காட்டியும் நாம தோஸ்துதான்."

மறுப்பு எழுதாததால் மறுநாள் ஞானமுத்து அவர்களின் வேலை போயிற்று. அப்போதும் என் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஷாப் வாசலில், வேலை விட்டு வந்தவர்கள் முன்னால் அந்தச் செய்தியை உரக்க வாசித்தேன். நான் விழுங்கியதையும், ஏன் விழுங்கினேன் என்பதையும் சொன்னேன். அந்தத் தாளோடு தொழிலாளர்கள் முதலாளியிடம் போனார்கள். மழைக்காலத்துக்குள் குழியோரம் தண்ணீர்த்தொட்டி கட்டப்பட்டது. பூட்ஸ் வர வருஷங்கள் ஆயின.

நான் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டேன். ஞானமுத்து அவர்கள் குடியாத்தம் போய், மனு எழுதிப் பிழைத்தபடியே செய்தியும் அனுப்பிவந்தார்கள். ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. நான் தலைநிமிர்ந்து வாத்தியாராக நடந்தது அவர்கள் தந்த தயவு.

திங்களன்று குடியாத்தத்தில் அடக்கம். ஆம்பூர் ஷாப் ஆட்கள் உடை மாற்ற நேரமின்றி ரயிலேறி வந்து, தங்கள் மேல் வீசிய தோல் நாற்றத்துக்குக் கூசி, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஞானமுத்து அவர்களின் மனைவியார் எழுந்து போய், "உள்ள வாங்கப்பா. நீங்க வராம மண்ணு போட வேணாம்" என்று அழைத்துவந்தார்கள். முதல் பிடி மண்ணை அந்த ஷாப் ஆட்கள்தான் போட்டார்கள்.

நன்றி, ஐயா. இளைப்பாறுங்கள்.