துரை கொடுத்த மருந்து டப்பா

துப்பாக்கி ஆசை பிடித்தவர்கள் இன்றைக்கும் என்னைத் தேடி வருகிறார்கள். தோட்டா எப்படி அடைப்பது, மழைக்காலத்தில் வெடிமருந்தை எங்கே வைப்பது, பழைய குழலை நம்பலாமா என்றெல்லாம் கேட்பார்கள். பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்ற இளக்காரம் கண்ணில் இருக்கும். காபி குடித்து முடிப்பதற்குள் அது போய்விடும். தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "உங்களுக்குப் பயமா இருக்கா?" அதெல்லாம் கிடையாது என்று மார்தட்டுகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டேன். எழுந்து போய்யா என்பேன். பயம் இல்லாதவன் கையில் துப்பாக்கி எதற்கு?

எனக்குப் பயம் எப்போது பிடித்தது என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகிக் கோடைக்கானல் மலையில் இருக்கிற பூண்டிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிலம். வெள்ளைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுவார். காட்டுப்பன்றி புகுந்தால் ஓர் அடுக்கு முழுவதையும் உழுதுவிட்டுப் போகும். அதைச் சாக்காக வைத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். சாக்கு என்றுதான் சொல்வேன். பன்றி வராத மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷனுக்கு வீடு தங்காது. துப்பாக்கியைத் துடைக்கிற அக்கறையில் பாதியை என்மேல் காட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருப்பேன்.

கடைத் தோட்டா மதுரையிலிருந்து வரவேண்டும். அதனால் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைத் தூக்கிப் போடாமல் வீட்டிலேயே திரும்ப அடைப்போம். கூட்டின் அடியில் ஒரு சின்னக் குழி, அதில் புதுக் கேப்பு. துப்பாக்கிக்குள் இருக்கிற ஊசி வந்து குத்தினால் பொறி கிளம்புவது இந்தக் கேப்பில்தான். அதன்மேல் கரிமருந்து என்கிற கறுப்பு வெடிமருந்து, அதன்மேல் கம்பளி வில்லை, பிறகு ஈய ரவை, கடைசியில் ரவை சிந்தாமல் மூட ஓர் அட்டை வில்லை. வாயை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. அவருக்கு விரல் தடிமன், பொறுமை மெலிவு. நான் வந்த மூன்றாம் மாதமே அந்தச் சோலி என் தலையில் விழுந்தது.

அட்டை வில்லைக்கு எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைதான். கனம் அளவாக இருக்கும். வட்ட உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் காசுபோல விழும். அடைத்த தோட்டாவின் தலையைப் பார்த்தால் ‘சுபமுகூர்த்த’ என்றோ ‘சுற்றமும் நட்பும்’ என்றோ எழுத்துத் தெரியும். எந்த வீட்டுக் கல்யாணம் பன்றியைச் சாய்த்தது என்று ஆம்பளைகள் கேலி பேசிக்கொள்வார்கள். பத்திரிகை வைக்க வருகிறவர்களே, "மதினி, கல்யாணம் முடியிற வரைக்குமாச்சும் வெட்டாம வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மருந்து அளக்க ஒரு பித்தளை அளவு உண்டு. பழைய பித்தளைக் கூட்டை அறுத்துக் கைப்பிடி பற்றவைத்தது. "இதுக்கு மேல ஒரு சிட்டிகை போகக்கூடாது" என்பார். தலைதட்டித்தான் அளப்பேன். விளக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன். பேசிக்கொண்டே அடைக்க மாட்டேன். நான் அடைத்த தோட்டா ஒருநாளும் பொய் சொல்லாது என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

கோடைக்கானலில் வயதான வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். வேட்டைப் பிரியர். என் வீட்டுக்காரர் அவர் வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமலே இரண்டு பேரும் துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். துரை சீமைக்கே திரும்பிப் போகிறபோது ஒரு டப்பா வெடிமருந்தையும், தன் கையால் எழுதிய கனமான அட்டை ஒன்றையும் இவரிடம் கொடுத்தார். விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாராம். இவர் ‘எஸ் சார், எஸ் சார்’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"என்னங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒசந்த மருந்துன்னாரு. பொகையே வராதாம். தங்கச்சி லீவுக்கு வந்தா இந்த அட்டைய வாசிக்கச் சொல்லணும்."

அட்டையை டப்பாவுக்குள்ளேயே போட்டு அலமாரியில் ஏற்றினார். அதோடு இரண்டு பேரும் மறந்துபோனோம்.

ஐப்பசியில் ஒரு வாரம் மழை விடவில்லை. சனிக்கிழமை பார்த்தால் கரிமருந்து கட்டிதட்டிக் கிடந்தது. மறுநாள் அவர் கவுஞ்சிப் பக்கத்துச் சோலைக்குப் போவதாக இருந்தார். தோட்டா இல்லை என்றால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அவர் நிலத்தில் இருந்த நேரத்தில் துரை டப்பாவை இறக்கித் திறந்தேன். கறுப்பாக இல்லை, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செதிலாக இருந்தது. சீமைச் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதே பித்தளை அளவால் தலைதட்டி எட்டுத் தோட்டாவுக்கு அளந்துவிட்டேன். பத்திரிகை தீர்ந்திருந்தது. டப்பாவுக்குள் கிடந்த அட்டை நல்ல கனம். வாசிக்கச் சொல்லவேண்டும் என்று அவர் சொன்னது அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன். பொகை வராது என்பதற்குமேல் அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான். எட்டு வில்லை வெட்டிவிட்டு, ஓட்டை விழுந்த மிச்சத்தைச் சமையல்கட்டு ஜன்னலில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் நாத்தனார் லீவுக்கு வந்து சேர்ந்தாள். கான்வென்ட்டில் படித்து டீச்சராகியிருந்தவள். பொட்டலம் கட்டிய காகிதத்தில் இங்கிலீஷ் இருந்தால்கூட விடமாட்டாள். அண்ணனும் தங்கச்சியும் ஊர்க்கதை பேசினார்கள். அட்டையின் பேச்சே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே அவர் கிளம்பினார். தோட்டா செருகுகிற இடுப்பு வாரில் கடைத் தோட்டா கொஞ்சம், நான் அடைத்தது எட்டு. வாசலில் பனி ஆள் தெரியாமல் மூடியிருந்தது. நான்தான் வாரை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். நாத்தனார் காபி டம்ளரோடு ஜன்னலோரம் நின்றாள்.

"ஏன் மதினி, நல்ல அட்டைய எதுக்கு இப்படிக் கொதறி வச்சிருக்கீங்க?"

"ஒங்கண்ணனுக்கு வில்லை வெட்டுனேன். ஏன், ஒன் கல்யாணப் பத்திரிகையா அது?"

சிரித்துக்கொண்டே அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். சிரிப்பு நின்றது.

"‘ஒருநாளும்’னு இருக்கு. அப்புறம் ஓட்டை. ‘கரிமருந்து அளக்கிற அளவால’... ஓட்டை. ‘எடை போட்டுத்தான்’... ஓட்டை." நிறுத்திவிட்டாள்.

"சொல்லுடி."

"‘குழல் வெடிச்சு’ன்னு இருக்கு மதினி. ‘கை’ன்னு இருக்கு. ‘முகம்’னு இருக்கு."

அவள் சொல்லாமலே மிச்சம் எனக்குப் புரிந்தது. புகையில்லாத மருந்துக்குக் கரிமருந்தைவிட வேகம் பல மடங்கு. கரிமருந்து அளவில் அதைப் போட்டால் குழல் தாங்காது. குழல் பிளந்தால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிற இடது கை முதலில் போகும், பிறகு கன்னத்தோடு ஒட்டியிருக்கிற முகம் போகும். தோட்டா அடைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான்: பேர் தெரியாத மருந்தைத் தொடாதே. ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்குப் போடாதே. எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல் அடைக்காதே. அன்றைக்கு இதை எனக்குச் சொல்ல ஆளில்லை. சொன்ன ஒரே அட்டையை நானே வெட்டிவிட்டேன்.

"நீ மேலப் பாதையில ஓடு. நான் ஓடைப் பக்கமாப் போறேன். வெரசாப் போ, கத்திக்கிட்டே போ!" என்று அவளை விரட்டிவிட்டு ஓடினேன். செருப்புப் போடவில்லை. அடுக்குகளின் வரப்பைத் தாண்டி, ஓடையில் விழுந்து எழுந்து, மறுகரைச் சரிவில் ஏறும்போது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழல் வெடித்தால் சத்தம் வேறு மாதிரி இருக்குமா? எனக்குத் தெரியாது. அப்பனே பழனியாண்டவா, அது கடைத் தோட்டாவா இருக்கட்டும் என்று வாய்விட்டுக் கத்தினேன். எழுந்து நாலு அடி வைத்திருப்பேன், இன்னொரு வெடி கேட்டது. உயிர் திரும்பி வந்தது. இரண்டாவது சுட்டிருக்கிறார் என்றால் முதலாவதில் குழல் வெடிக்கவில்லை, கை இருக்கிறது. முதலாவதில் குழல் வெடிக்கவில்லை சரி, இந்த இரண்டாவதில்? அதன்பிறகு சத்தமே இல்லை. மூன்றாவது வெடி கேட்கவேண்டும் என்றும் வேண்டினேன், கேட்கக்கூடாது என்றும் வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலைச் சாமி எப்படித்தான் காதில் வாங்கியிருக்கும்?

சோலை ஓரத்தில் பனி கொஞ்சம் விலகியது. இடுப்பு உயரத்துக்குப் பெரணிச் செடி அடர்ந்த சரிவுக்கு அந்தப் பக்கம், ஒரு பாறையில் முழங்காலை ஊன்றி அவர் இருந்தார். உயிரோடு இருந்தார். அதைச் சந்தோஷப்பட நேரமில்லை. துப்பாக்கி தோளில் இருந்தது. கன்னம் கட்டையில் ஒட்டியிருந்தது.

கூப்பிட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். குறிபார்க்கிற ஆளைத் திடுக்கிட வைத்தால் விரல் தானாக அழுத்திவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். கூப்பிட்டால் சுட்டுவிடுவார், கூப்பிடாவிட்டாலும் சுட்டுவிடுவார். அவர் கண்ணில் படுகிற மாதிரி எதிர்ப்பக்கமாகப் போய் நின்றால் துப்பாக்கியை இறக்கிவிடுவார் என்று தோன்றியது. புத்தி அப்படித்தான் வேலை செய்தது. குனிந்து பெரணிக்குள் நுழைந்தேன். தலைக்கு மேலே செடி, கால் புதைகிற சேறு. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"நகரு! ஏய், நகருடி! தள்ளிப் போ!" என்று அலறினார். குழலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். அந்த மாதிரிக் குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. பன்றி தப்பிய கோபம் என்று நினைத்தேன்.

"சுடாதீங்க! நான் அடச்சதைச் சுடாதீங்க! கொழல் வெடிச்சிரும்!" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. குழலை மேலே பிடித்தபடி அசையாமல் இருந்தார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் துப்பாக்கியைத் திறந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தோட்டா அவர் உள்ளங்கையில் இருந்தது. அதன் தலையில் துரையின் கையெழுத்து இரண்டு வரி தெரிந்தது. நான் அடைத்ததுதான்.

எல்லாவற்றையும் கொட்டினேன். டப்பா, பித்தளை அளவு, அட்டை, ஓட்டை. திட்டுவார், அறைவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தோட்டாவைத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்பின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஊசி நன்றாகவே குத்தியிருக்கிறது. கேப்பு ஈரம் குடித்துச் செத்துப்போயிருக்க வேண்டும், பொறி கிளம்பவில்லை. அழுத்தியும் வெடிக்காத தோட்டா சில சமயம் தாமதித்து வெடிக்கும், அதனால் உடனே திறக்கக்கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அதைத்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அழுத்திட்டீங்களா?" என்றேன்.

"அழுத்திட்டேன்." தோட்டாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு வெடியிலயும் தப்பிப் பன்னி இந்தப் பெரணிக்குள்ளதான் பூந்துச்சுன்னு நெனச்சேன். செடி அசஞ்சுச்சு. அழுத்திட்டேன்."

"எங்க அசஞ்சுச்சு?"

கையை நீட்டினார். இரண்டு பேரும் இறங்கிப் போனோம். ஒரு வாரம் மழை குடித்த மண், கோழி நடந்தால்கூடத் தடம் விழும். அவர் பெரணியை விலக்கி விலக்கிக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பன்றிக் குளம்பு ஒன்றுகூட இல்லை. ஐந்து விரலும் பதிந்த என் கால்தடம்தான் இருந்தது. அவர் துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.