டிராக்டரில் கெட்டிமேளம்

வத்தல்மலைக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு இருந்தவர்கள்: பெண், மாப்பிள்ளை. ஐயர். பெண்ணின் அப்பா. அவர் மச்சான், அதாவது பெண்ணின் தாய்மாமன், சளியோடு. கடத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றி வந்தவர். புல்லட்டில் வந்த மாப்பிள்ளையின் சிநேகிதன். பாத்திரம் ஏற்றி வந்த டிராக்டரோடு நான். மற்றபடி பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள்.

மேளக்காரர்கள் இல்லை. அவர்கள் வேன் கீழே வளைவில் படுத்துவிட்டது. மைக் செட்டும் அதில்தான்.

மேளம் இல்லாமல் தாலி கட்ட விடமாட்டேன் என்றார் பெண்ணின் அப்பா. தாலி ஏறும் நேரம் தும்மல் காதில் விழுந்தால் ஆகாது. அதை அமுக்கத்தான் கெட்டிமேளம். தாய்மாமனோ விடிந்ததிலிருந்து தும்மிக்கொண்டிருந்தார். தள்ளிப் போய் நில் என்று சொல்லவும் முடியாது, தாய்மாமன். செல்போனில் மேளம் போட்டார்கள். தும்மல்தான் பெரிதாகக் கேட்டது.

கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றார் ஐயர்.

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

“ஏப்பா, உன் வண்டி எவ்ளோ சத்தம் போடும்?”

“சத்தம் மட்டுந்தாங்க போடும். மேட்டுல இழுக்காது.”

மூன்று வண்டியையும் பந்தலை ஒட்டி நிறுத்தினோம். ஆட்டோக்காரருக்குக் கொஞ்சம் தாள ஞானம் உண்டு. டிராக்டரை மெதுவாக ஓடவிடு, அது தாளம் என்றார். புல்லட் தவில். ஆட்டோவை முறுக்கி முறுக்கி விட்டு அவர் நாதஸ்வரம். கூடவே ஆரன் அடிக்கலாமா என்று கேட்டார்.

“ஆரன் வேணாங்க. இது கல்யாணமா, பஸ் ஸ்டாண்டா?” என்றார் பெண்ணின் அப்பா.

ஒத்திகையில் புல்லட்காரன் எங்கள் இரண்டு பேர் சத்தத்தையும் அமுக்கிவிட்டான். ஆட்டோக்காரர் அவனைப் பார்த்து, “மாப்ள, கச்சேரி உன்னுது மட்டுமா?” என்றார். அடுத்த தரம் ஒழுங்காக வந்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போட்டார்.

ஐயர் கையைத் தூக்கினார். அவர்கள் இருவரும் முறுக்க, நான் மிதித்தேன். பந்தல் அதிர்ந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. என் டிராக்டர் புகை மொத்தமும் நேராக மணவறைக்குள் போனது. தாய்மாமன் அதன் நடுவில் நின்றார். மூன்று முடிச்சும் விழுந்தது.

வண்டிகளை நிறுத்தினோம். தாய்மாமன் துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்கா மகள் மேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“காதுல ஏதாச்சும் வுழுந்துச்சா?”

“ஒண்ணும் வுழுவுலீங்க.”

நிஜம்தான். ஆனால் டிராக்டர் சீட் உயரம். அங்கிருந்து தாய்மாமன் தலை குலுங்கியது தெரிந்தது.

ஏழு தும்மல்.