ஒளித்து வைத்த ஒற்றைச் செருப்பு

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து, இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். இருப்புக்கொள்ளாத இந்தக் குணம் அம்மா கொடுத்த சீதனம்.

அம்மா பிறந்தது தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில். யானை மேய்ந்தது போக மிஞ்சியதே விளைச்சல் என்று இருந்த ராகிக் காட்டுக் குடும்பம். பத்தொன்பது வயதில் திருமணம். அப்பாவுக்குப் பினாங்குத் துறைமுகக் கிடங்கில் எழுத்தர் வேலை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கப்பலேறினார்.

துறைமுகத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இறங்குபவர், ஊர் திரும்புபவர் எல்லாருக்கும் அதுதான் சத்திரம். ஆளுக்கொரு பை ராகி மாவு கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கூடத்தில் கலந்து கிடக்கும். சீட்டாட்டம், சிரிப்பு, களி, கீரைக் குழம்பு. யாரும் வராத வாரத்தில் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்து அப்பாவைத் துளைத்தெடுப்பார்.

அம்மாவின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி சாப்பிடாமல் கிளம்பினால், வீட்டுப் பெண் அவர் செருப்பில் ஒன்றை ஒளித்துவிடுவாள். தேடுவது மரியாதையில்லை. சிரித்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்துவிட வேண்டும். அம்மா இதில் கைதேர்ந்தவர்.

அம்மாவின் ஒரே அண்ணனான எங்கள் மாமா, ஈப்போ பக்கம் தோட்ட வேலையில் இருந்தார். ஊரில் தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வர, ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் தங்கினார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மதியம் கப்பல். மாமா புறப்பட்டு வாசலுக்கு வந்தால் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை.

"களி கிண்டறேன், சாப்ட்டுட்டுப் போண்ணா. ஒரு நிமிசம்" என்றார் அம்மா.

மாமா சிரித்தபடி உட்கார்ந்தார். ஊர்ப்பேச்சு பிடித்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஒரு மணி நேரமானது. மாமா துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நகர்ந்துவிட்டிருந்தது. அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. தாத்தா இறந்துவிட்டார், பங்காளி வீட்டு மகன் கொள்ளி வைத்தார். தவறவிட்ட கப்பல் அதற்கு மூன்று நாள் முன்பே கரை சேர்ந்திருந்தது. மாமா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்கு மனம் ஆறியிருக்கும்.

அதன் பிறகும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் அம்மா கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் பரிமாறினார். எல்லார் செருப்பையும் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் ஓசூருக்குத் திரும்பி, அப்பா மறைந்து, தம்பிகள் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். தோட்ட வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்ட மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால், சோறு ஆறுவதற்குள் அம்மா அவரை பஸ்ஸுக்கு விரட்டுவார். விருந்தாளியை விரட்டும் வீடு நம் வீடுதான் என்று ஒருமுறை நானே அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

அம்மாவின் கடைசி வாரத்தில் மாமா வந்திருந்தார். தலையைத் தூக்க முடியாத நிலையிலும் அம்மா, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புண்ணா" என்றார்.

மாமா தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். தம் செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்து வந்து அம்மாவின் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"ஒத்தச் செருப்பக் காணோம் பாப்பா. எப்படிப் போவேன்? சோறு போடு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மாமாவுக்கு இலை போடச் சொன்னார். அதற்கப்புறம் மணி என்ன என்று அம்மா கேட்கவேயில்லை. மூச்சு அடங்கும் வரை நான்கு நாளும் மாமா கூடவே இருந்தார்.

அந்நாட்களில் உடனிருந்த மருத்துவர், செவிலியர், பக்கத்து வீட்டார், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று பந்தி முடியும் முன் யாரும் கிளம்ப வேண்டாம். வாசலில் ஒற்றைச் செருப்பைக் காணவில்லை என்றால் தேடவும் வேண்டாம். நான் அம்மாவின் மகள்.