ஆளில்லாத் தீவுக்கு வந்த சைக்கிள்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எங்கள் புவியியல் ரீச்சருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நீளம், அகலம், ஆழம், எந்த மூலையில் எத்தனை தீவு, எல்லாம் விரல் நுனியில். ஒருநாளும் அதில் தோணி ஏறியதில்லை என்பது மட்டும்தான் குறை. பட்டணத்தில் பிறந்து, பாலத்தின் மேல் நின்றே ஆற்றைப் (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்) பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அந்தத் தை மாதச் சனிக்கிழமை எங்களைத் தீவு பார்க்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் பதவியை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

அறுபதுகள் தொடங்கிய நேரம். நாங்கள் மூன்று பேரும் பட்டணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு, ஒரே விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். புவியியல் ரீச்சர், கணக்கு ரீச்சர், நான். நான் தமிழ் படிப்பித்தேன். வாய் நீளம் என்று எனக்குப் பெயர். செட்டிபாளையத்தில் இருந்து வந்த கணக்கு ரீச்சர் எனக்கு நேரெதிர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதில் ஆறு கரும்பலகையைப் பார்த்துப் பேசியதாக இருக்கும்.

தீவு பார்ப்பதெல்லாம் வெளியில் சொன்ன கதை. உண்மையில் நாங்கள் போனது மாப்பிள்ளை பார்க்க.

கணக்கு ரீச்சருக்குக் கல்யாணம் பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை உன்னிச்சைக் குளத்தில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். அவருடைய படம் ஒன்று வந்தது, இவளுடைய படம் ஒன்று போனது. அவர் பக்கத்தில் சம்மதம். இவளுடைய பதிலைக் கேட்டுப்போக ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வருவதாகத் தகப்பன் கடிதம் போட்டிருந்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? ஸ்டூடியோவில் எடுத்தது. யாருடையதோ கோட்டுக்குள் ஒரு மனிதர், பக்கத்தில் கடதாசிப் பூச்சாடி. கோட்டும் பூச்சாடியும் தெளிவாக விழுந்திருந்தன. மனிதர்தான் கொஞ்சம் மங்கல்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். வீடும் வளவும் பெண்ணின் பேரில்.

"வீட்டுக்க ஒரு ஆளை விடப் போறாய். எப்படிப்பட்ட ஆளெண்டு தெரியாம விட ஏலுமா?" என்று நான் கேட்டேன்.

அவளுக்கு அழகைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு கவலையும் இல்லை. தெரியவேண்டியது ஒன்றே ஒன்று.

"அவர் கத்துறவரா இல்லையா எண்டு பாக்க வேணும்," என்றாள்.

அவளுடைய தகப்பனை எங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஆனால் கறியில் உப்புக் குறைந்தாலும் கத்துவார், கூடினாலும் கத்துவார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தாய் ஓடிப்போய்க் கறியில் உப்புப் பார்ப்பாள் என்று இவள் ஒருநாள் சொல்லியிருந்தாள். இன்னொரு கத்தலை வீட்டுக்குள் விடுவதில்லை என்று பிள்ளை முடிவெடுத்துவிட்டாள். எனக்கு அவளை நினைக்கப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஓவசியர் சனிக்கிழமைகளில் சைக்கிளில் வவுணதீவுக் கரைக்கு வருவார், ஆற்றில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதிக்கொண்டு போவார் என்று தகவல் கிடைத்திருந்தது. தோணியில் எட்ட நின்று பார்ப்பது, கூட வரும் தொழிலாட்களோடு எப்படிக் கதைக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்பது, திரும்பி வருவது. இதுதான் திட்டம். யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க வழியில் மூன்று தீவு.

காலை ஏழு மணிக்குத் துறையில் தோணிக்கார அண்ணன் எங்களையும் எங்கள் சாமான்களையும் மாறிமாறிப் பார்த்தார். பானை, சட்டி, அரிசி, பாய், இரண்டு குடை, புவியியல் ரீச்சரின் சுருட்டிய வரைபடம்.

"ரீச்சர், முந்தநாள் முகத்துவாரம் வெட்டிட்டாங்க. தண்ணி கடலுக்கு ஓடுது. நேரத்தோட போய் நேரத்தோட வருவம்," என்றார்.

மழைக்காலத்தில் ஆறு நிரம்பி வயலுக்குள் ஏறினால், கடல்வாயை மறித்துக் கிடக்கும் மணலை வெட்டித் தண்ணீரை விடுவார்கள். வெட்டியதும் ஆறு மளமளவென்று இறங்கும். மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எங்கள் வழிகாட்டிக்கும் தெரியும். ஆனால் அவள் கையில் வரைபடம் இருந்தது.

"எவ்வளவு பெரிய வாவி அண்ணன்! ரெண்டு நாள்ல எவ்வளவு இறங்கப் போகுது? இஞ்ச பாருங்க, ஆறடி," என்று விரித்துக் காட்டினாள்.

படித்த பிள்ளை சொல்கிறது என்று அவர் பேசாமல் கம்பை ஊன்றினார்.

முதல் தீவில் நாங்கள் இறங்கவில்லை. நீர்க்காகங்கள் எங்களுக்கு முன்பே இறங்கி எல்லாக் கிளைகளுக்கும் வெள்ளை அடித்திருந்தன. வழிகாட்டி தோணியில் எழுந்து நின்று அதன் மண்வகை பற்றிச் சொல்லத் தொடங்கினாள். தோணி ஆடியது. மிச்சத்தை இருந்துகொண்டு சொன்னாள். இரண்டாவது தீவில் ஒரு மரமும் அதன் அடியில் ஒரு சூலமும் இருந்தன. கணக்கு ரீச்சர் இறங்கிப்போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு இரக்கம் எனக்கும் உண்டு.

மூன்றாவது தீவு வவுணதீவுக் கரைக்கு நேரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அளவுக் கம்பம் நன்றாகத் தெரியும். ஆளைத்தான் காணவில்லை.

"இதுதான் ஆளில்லாத் தீவு. மனுசர் கால்படாத மண்," என்றாள் வழிகாட்டி.

"மாட்டுக் கால் பட்டிரிக்கு," என்றேன் நான், சாணத்தைச் சுற்றி நடந்துகொண்டு.

தோணிக்கார அண்ணன் வழியில் வாங்கிய இறாலைக் கழுவித் தந்துவிட்டு, கண்ணா மரத்து நிழலில் படுத்துக் கண்ணயர்ந்தார். நாங்கள் கல் வைத்து, சோறு வடித்து, இறால் கறி கூட்டி, சாப்பிட்டு முடிக்க இரண்டு மணிக்கு மேலாகிவிட்டது. கம்பத்தடிக்கு யாரும் வரவில்லை. கணக்கு ரீச்சர் சோற்றை அளைந்துகொண்டிருந்தாளே தவிர ஒரு வாய் உண்ணவில்லை. நாளைக்குத் தகப்பன் வந்துவிடுவார்.

அப்போதுதான் பின்னால் மணிச்சத்தம் கேட்டது. கிணிங், கிணிங்.

திரும்பிப் பார்த்தோம். மனுசர் கால்படாத மண்ணில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காக்கிக் காற்சட்டை, முழங்கால்வரை சேறு, கையில் கொப்பி. பெண்கள் இருக்கும் இடம் என்று மணியடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நீங்க எப்படித் தீவுக்குச் சைக்கிள்ல வந்தீங்க?" என்று வழிகாட்டி கேட்டாள்.

"தீவோ? தண்ணி ஏறினாத் தீவு, இறங்கினாத் தரை. இப்ப தரை," என்றார் அவர். "உங்கட தோணியைப் பாத்தீங்களா?"

ஓடிப்போய்ப் பார்த்தோம். தோணி சேற்றில் குந்தியிருந்தது. தண்ணீர் அதைவிட்டு முப்பது நாற்பது முழம் தள்ளிப் போய்விட்டது. தோணிக்கார அண்ணன் எழுந்து வந்து தலையில் கை வைத்தார். வழிகாட்டி வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தால் முன்னால் நிற்பவர்தான் அகப்படுவார். முன்னால் நின்றது அந்தச் சைக்கிள்காரர்.

"எந்தப் புத்தி கெட்டவன் முகத்துவாரத்தை வெட்டினது? தை மாசத்தில வெட்டுவாங்களா? மனுசர் ஆத்தில போய்வாறதெண்டு ஒரு நினைப்பு வேணாமா?" என்று தொடங்கினேன்.

கணக்கு ரீச்சர் என் கையைக் கிள்ளினாள். நன்றாகக் கேட்கிறேன் என்று உற்சாகப்படுத்துகிறாள் போல என்று நான் இன்னும் சத்தத்தைக் கூட்டினேன். வெட்டியவனையும், வெட்டச் சொன்னவனையும், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவனையும் ஒரு வழி பண்ணினேன். அவள் திரும்பவும் கிள்ளினாள். பிறகு குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவர் நான் முடிக்கும்வரை பொறுத்து நின்றார்.

"நான்தான் ரீச்சர் நிண்டு வெட்டுவிச்சன்," என்றார். "வட்டை வட்டையா வயல் தண்ணியில தாண்டு கிடக்குது. இன்னும் நாலு நாள் போனாக் கதிர் அழுகிரும். நான் உன்னிச்சை ஓவசியர்."

எனக்கு வாயடைத்துப்போனது என் வாழ்க்கையில் இரண்டு மூன்று தரம்தான். அது ஒன்று. கோட்டையும் பூச்சாடியையும் எடுத்துவிட்டால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? அவள் கண்டுவிட்டாள். கிள்ளியது அதற்குத்தான்.

தோணியைத் தண்ணீர்வரைக்கும் இழுக்கவேண்டும். ஓவசியர் கொப்பியைத் தோணியின் முனையில் வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினார். தோணிக்கார அண்ணனும் நானும் மற்றப் பக்கம். வழிகாட்டி கரையில் நின்று வலம் இடம் சொன்னாள். கணக்கு ரீச்சர் குடையை மடித்துவிட்டுத் தானும் இறங்கினாள்.

"அந்தப் பக்கம் ஆழம் ரீச்சர். இந்தக் கம்பைப் பிடிச்சு வாங்க," என்று அவர் கம்பின் ஒரு முனையை நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய படம் ஸ்டூடியோவில் எடுத்ததல்ல, தெளிவாக விழுந்த படம். இவளோ தலையைக் குனிந்தபடியே நின்றாள். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அரை மணித்தியாலம் இழுத்தோம். தண்ணீர் கிட்டே வந்த சந்தோஷத்தில் நான் ஒரேயடியாக உந்திவிட்டேன். தோணி சறுக்கியது, கொப்பி பறந்து சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. மழைக்காலம் முழுக்க நாள்நாளாக எழுதிய தண்ணீர்க் கணக்கு. தொலைந்தது, இப்போது கட்டாயம் கத்துவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், அவர் கொப்பியை எடுத்துக் காற்சட்டையில் துடைத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பரவாயில்ல. பென்சிலாலதான் எழுதினது. காஞ்சாச் சரி," என்றார்.

திரும்பி வரும்போது வழிகாட்டி தோணியின் அடித்தட்டில் உட்கார்ந்து, வரைபடம் பழையது, அச்சடித்தவன்மேல்தான் பிழை என்று நிறுவிக்கொண்டிருந்தாள். கணக்கு ரீச்சர் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி ஆறு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அவர் கத்தல்ல, பாத்தியா?" என்றாள்.

"நான் அவருக்கும் சேத்துக் கத்தினன் கா," என்றேன். இருவரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கண்டதில்லை. அன்று பின்னேரம் மூன்று பேரும் உப்புச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு, விஷயம் முடிந்தது என்றே நினைத்துப் படுத்தோம்.

முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்ன தகப்பன் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவர் கேற்றைத் திறக்கும்போதே நாங்கள் மாடியில் அறிந்துகொண்டோம், தெருவே அறிந்திருக்கும். அவள் கீழே போனாள். நானும் புவியியல் ரீச்சரும் விருந்தினர் அறையின் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றோம். ஒட்டுக்கேட்க அல்ல, தேவைப்பட்டால் உதவ.

"ஆத்துக்க உனக்கென்ன வேலை?" என்று தகப்பன் கத்தினார். "நேத்துப் பொழுதுபட அந்தப் பொடியன் சைக்கிள் மிதிச்சு வீட்ட வந்து நிக்கான். உங்கட மகளைக் கண்டன், ஒரு சொல் பறையல்ல, முகம் நிமித்திப் பாக்கல்ல, விருப்பமில்ல போல, கட்டாயப்படுத்தாதீங்க எண்டுறான்! அவட வாயால ஓம் எண்டு சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சாம். இல்லாட்டி இதோட சரியாம். என்ர மானம் போச்சு!"

நான் அவ்வளவு கத்தியும் அந்த மனிதர் கோபிக்கவில்லை. இவள் பேசாமல் நின்றதற்குக் கவலைப்பட்டு, இருபது கட்டை தூரம் சைக்கிள் மிதித்திருக்கிறார். இப்போதும் இவள் பேசாமல் நின்றால் எல்லாம் போய்விடும். தகப்பனுக்கு முன்னால் இவள் வாய் திறந்ததாகச் சரித்திரமே இல்லை. புவியியல் ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கத்தல் இன்னும் ஒரு சுற்று வந்து ஓய்ந்தது.

"ஓம்," என்றாள் கணக்கு ரீச்சர்.

"என்ன ஓம்?"

"எனக்கு அவர்தான் வேணும். சொல்லுங்க அவருக்கிட்ட." பிறகு, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரலில் சொன்னாள்: "ஏனெண்டு கேக்கல்லையே அப்பா. அவர் கத்துறல்ல. எனக்கும் அம்மாவுக்கும் வீட்டில பயமில்லாம இரிக்க வேணும்."

இப்போது கூரை பறக்கும் என்று பார்த்தேன். கதிரை கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"கொம்மாவுக்கும் என்னில பயமா?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

அதற்கு அவர் ஏதோ சொன்னார். அவள் ஏதோ பதில் சொன்னாள். நானும் புவியியல் ரீச்சரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டினோம். ஆனால் அவர் கதைத்தது எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.