என் அடுப்பைக் காவல் காத்த நூரியா அக்கா

வெள்ளிக்கிழமை, இங்கே சுவிஸில் திரிம்பாக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது லைலாவின் அழைப்பு வந்தது. “பவளம் அன்ரி, அம்மா போயிட்டா.” சோலோதுர்னில் எங்கள் மேல்மாடியில் வாழ்ந்த நூரியா அக்கா காலமானார் என்ற செய்தி அது.

அவர் ஆப்கானிஸ்தானின் ஹேராத்தைச் சேர்ந்தவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை அரைகுறை ஜெர்மன் மொழியும் தாராளமான சந்தேகமும்தான்.

2009இல் அவர் குடிவந்த கிழமையே எங்களுக்குப் பெரிய தட்டில் சோறு அனுப்பினார். மேலே சீவிய கரட், உலர்ந்த திராட்சை, ஏலக்காய் வாசம். கரண்டியைப் போட்டால் அடியில் ஆட்டிறைச்சி! சைவக்காரியின் விரதத்தைக் கெடுக்க ஒளித்து அனுப்பினாரோ என்று படியேறிப் போய்க் கேட்டேன்.

“ஒளிச்சதோ? நல்ல துண்டைச் சோத்துக்குக் கீழதான் வைப்பம். விருந்தாளி கண்டெடுக்கவேணும். மேல வைச்சா அது கடைச் சாப்பாடு,” என்றார்.

வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கும் வழக்கம், எங்களுக்கும் வழக்கம். மறுநாள் உளுந்து வடை கொண்டுபோனேன். வாசலிலேயே ஒன்றைப் பிய்த்து மோந்து பார்த்தார்.

“என்ன எண்ணெய்? பண்டிக் கொழுப்பு இல்லையே?”

எனக்கு உச்சி கொதித்தது. “உங்கட மரக்கறியில செம்மறிக் கொழுப்பு இல்லையெண்டு நான் எப்பிடி நம்புறது?”

“அப்ப வந்து நிண்டு பார்!”

அப்படித்தான் தொடங்கியது. இறைச்சி படாத புதுச் சட்டியில் அவர் கத்தரிக்காய் பொரித்து உள்ளித் தயிர் ஊற்றுவார். நான் பக்கத்தில் நிற்பேன். நான் சாம்பார் வைத்தால் அவர் வந்து போத்தலில் ஒட்டியிருப்பதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஐந்து ராப்பன் சில்லறை பிசகினாலும் வீட்டுக் கணக்கைத் திரும்பக் கூட்டுகிறவள் நான். எனக்கு அவர் சரியான சோடி.

காவல் முடிந்தால் நிலத்தில் துணி விரித்துத் தேநீர். குடிக்கக் குடிக்க ஊற்றுவார். கிளாசைக் கவிழ்த்தால்தான் போதும் என்று அர்த்தமாம். அதைச் சொல்லாமலே முதல் நாள் என் வயிற்றை வீங்க வைத்தார்.

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன், பவளம் ஜான்.”

ஜான் என்றால் உயிர். பெயரோடு சேர்த்துச் சொல்வது அவர்களின் வழக்கம். கீழே விழுந்த ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டு, கால்படாத உயரத்தில் வைப்பார். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சென்ற மாரியில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை மூடி திறந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார். “அம்மா பட்டினியில போயிடுவா,” என்று லைலா அழுதாள். நான் அடுப்படியில் தொலைபேசியை நிமிர்த்தி வைத்து, படம் தெரிய அழைத்தேன். கட்டிலில் கிடந்தபடியே காவல்!

“கரட்டை மெல்லிசாச் சீவு. அதென்ன விறகோ?”

“உங்கட நாக்குக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை, அக்கா.”

கண்ணால் கண்டதை மட்டும் சில கரண்டி சாப்பிட்டார். நோய் முற்றியது. இனிப் பசி என்பதே எடுக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சென்ற திங்கள் அழைத்தபோது, “போனை வை. நீ சமை,” என்றார். முதல் தடவையாகக் காவல் வேண்டாமாம். கத்தரிக்காயைக் குழையவிட்டுக் கொண்டுபோனேன். மோந்து பார்க்கவில்லை; எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார். ஊட்டினேன்.

“அக்கா, இப்பவாவது என்னை நம்பிறியளோ?”

“இல்லை. பசிக்குது,” என்றார்.

நேற்று அவரை மண்ணில் வைத்தார்கள். அவர்களின் பெண்கள் கையேந்தி நின்றார்கள். நடுவில் நான் கைகூப்பி நின்றேன். அமைதியாகப் போய் வாருங்கள், நூரியா அக்கா. பசி என்று சொன்னீர்களே, அதை மட்டும் நான் நம்பமாட்டேன்.