ஒரு விலா எலும்பு மேலே

இதயப் பிரிவில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் அழைத்தார்கள். பத்தொன்பது வருடமாக ஈசிஜி எடுக்கிறாள். விலா எலும்புகளை விரலால் எண்ணிப் பார்க்காமல் நோயாளியின் நெஞ்சில் ஒரு வயரைக்கூட ஒட்டமாட்டாள். இம்மி பிசகினாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுத்தாலும் இதே கதைதான் என்று அவள் கணவர் புலம்புவார்.

அந்தப் பிரிவுக்குப் புது சாஃப்ட்வேர் வந்து சேர்ந்தது. இதயம் பலவீனமானவர்களின் ஈசிஜியை அளந்து, யாருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். எழுபதைத் தாண்டினால் உடனே படுக்கை, இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து வரலாம். பெரிய டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நோயாளியை நிமிர்ந்து பார்க்கும் பழைய பழக்கத்தை அன்றே விட்டுவிட்டார்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். வீங்கிய காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நாலு வார்த்தை பேசுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மூன்று மாதம் என்ன, மூன்று நாள்கூட இவர் தாங்கமாட்டார் என்று அளவுக்காரிக்குப் பட்டது. சாஃப்ட்வேர் முப்பத்தெட்டு போட்டது.

அவள் பெரிய டாக்டரிடம் ஓடினாள்.

"சார், கால் ரொம்ப வீங்கியிருக்கு. ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"ஸ்கோர் என்ன?"

"முப்பத்தெட்டு."

"அப்புறம் என்னம்மா? நல்லாத்தானே இருக்கார்!"

கோபத்தில் அவளுக்குக் காது சிவந்தது. திரும்பி வந்தால் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கிளம்பட்டுமா சிஸ்டர்? சாயங்காலம் லோடு ஏத்தணும்."

"படுங்கண்ணே. படம் சரியா விழல."

திருட வந்தவள் மாதிரி ஒரு முறை கதவைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வயர்களை ஒரு விலா எலும்பு மேலே தள்ளி ஒட்டினாள். எண்பத்தொன்று வந்தது.

பெரிய டாக்டர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். படுக்கை வந்தது, ஊசி வந்தது, உடம்பில் தேங்கிய நீரெல்லாம் இறங்கியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் போட்டார்.

"இருபது நிமிஷத்துல வந்த மாற்றம்! மனுஷக் கண்ணுக்கு இது தெரியுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் வயிறு எரிய எரிய அவளும் தட்டினாள்.

டிரைவர் வீட்டுக்குப் போகும் நாளில் கடைசி ஈசிஜி எடுக்கச் சொன்னார்கள். எலும்பை எண்ணி, உரிய இடத்தில் ஒட்டினாள். முப்பத்தெட்டு.

"எண்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்தெட்டு!" என்று பெரிய டாக்டர் காகிதத்தைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

டிரைவர் மெஷினைத் தடவிக் கொடுத்தார். "இது இல்லேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன், இல்ல சிஸ்டர்?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைவிட, பெரிய டாக்டர் மறுபடி முப்பத்தெட்டைத்தான் நம்புவார்.

"ஆமாண்ணே," என்றாள்.

அடுத்து வந்த அம்மாவுக்கு முகம் வரை வீங்கியிருந்தது. மதிப்பெண் நாற்பத்திரண்டு. அளவுக்காரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.